இரண்டு குழி தூரம்

எழுபதுகளின் நடுவில் ஒரு தவக்காலம். சாம்பல் புதன் கழிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரியாக இருந்தேன். பாத்தியெல்லாம் மிதித்து முடித்து முதல் தண்ணீர் பாய்ச்சியிருந்தோம். இனி உப்பு கட்டுகிற வரைக்கும் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. உப்பளத்துக்காரனுக்கு வருஷத்திலேயே பொல்லாத நாட்கள் அவைதான். வெயிலைப் பார்ப்பேன், காற்றைப் பார்ப்பேன், வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

பாத்தி மிதிப்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தரை சேறாக இருந்தால் உப்பு அழுக்காகிவிடும். அதனால் உப்பு எடுக்கத் தொடங்கும் முன் களிமண்ணை நனைத்து, வரிசையாக நின்று, குதிகாலால் அழுத்தி அழுத்தி மிதிப்போம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தரை சிமென்ட் போட்ட மாதிரி ஆகிற வரைக்கும். அது உடம்பில் ஏறிவிடும். எங்களோடு வேலை செய்த ஒரு அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வார்: "தூக்கத்துலயும் பாயை மிதிச்சுகினே இருக்குது அந்த ஆளு. காலையில எழுந்து உப்பு வாரணும்னு நெனப்புபோல." இந்த மாதிரிப் பேச்சுகளைச் சேர்த்துவைத்துக்கொள்வது எனக்கு ஒரு பைத்தியம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த தமிழில் பாதி ஜனங்கள் வாயிலிருந்து வந்தது, மீதி கடையில் பொட்டலம் கட்டித் தந்த காகிதத்திலிருந்து வந்தது.

அப்படிக் கால் நிலைகொள்ளாமல் கிடந்த நேரத்தில்தான் என் நண்பன் மெட்ராசிலிருந்து வந்து நின்றான். இரண்டு பேரும் ஒரே மாதா கோயில் பங்கு, ஒரே தெரு, முதன்முதலாக நற்கருணை எடுக்கிற புதுநன்மை வாங்கியதும் ஒரே நாளில். பதினைந்து வயதில் மெட்ராசுக்குப் போனவன் அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் பை தூக்கும் வேலையில் சேர்ந்துவிட்டான். பெரிய மனிதர்கள் பந்தைக் குழிக்குக் குழி அடித்துத் தள்ளிக்கொண்டே போவார்கள், இவன் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பான். திங்கட்கிழமைகளில் மட்டும் மைதானம் பை தூக்குகிற இவர்களுக்கு. அந்தத் திங்கட்கிழமைகளிலேயே யாரும் சொல்லித்தராமல் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். வைத்திருந்த ஏழு மட்டைகளும் ஏழு பேர் வேண்டாமென்று போட்டவை.

கல்யாணமாகி மூன்று வருஷம். மனைவியும் பெண் குழந்தையும் மரக்காணத்தில் அவளுடைய அம்மா வீட்டில். இவன் மெட்ராசில் நாலு பேரோடு ஒரு அறையில். மாதத்துக்கு ஒரு தரம் வருவான். குழந்தை இவனைக் கண்டால் வீரிட்டு அழும். அது பழகுவதற்குள் இவனுக்குத் திரும்பிப் போக பஸ் வந்துவிடும். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான், ஆனால் கண் சிரிக்காது.

இந்த முறை அவன் வந்த காரணமே வேறு. ஆலை முதலாளி ஒருவர் எங்கள் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்பை வாங்கி, பாதியை வெட்டிச் சமன்படுத்தி, சொந்தமாகவே ஒரு கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார். எங்கள் ஜனங்களுக்கு அது புரியவே இல்லை. ஒன்பது குழி தோண்டியிருக்கிறார், ஒன்றிலாவது ஒரு தென்னம்பிள்ளை வைத்தாரா என்று பேசிக்கொண்டோம். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளவும், வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லித்தரவும் அவருக்கு ஒரு ஆள் வேண்டும். தங்க வீடும் உண்டு. வேலை கிடைத்தால் நண்பன் ஊரோடு வந்துவிடலாம்.

வேலை கேட்டவர்கள் இரண்டு பேர். என் நண்பன் ஒருவன். இன்னொருவர் சேலம் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். முதலாளி ஒரு ஏற்பாடு சொல்லிவிட்டார். இரண்டு நாள் ஆட்டம். முதல் நாள் விழுப்புரம் பக்கம் அவருடைய ஆலைக் காலனி மைதானத்தில், மறுநாள் இந்தக் கடலோர மைதானத்தில். இரண்டும் தனியார் இடம், வெளியாட்கள் நுழைய முடியாது. இரண்டு நாளும் சேர்த்து யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்கு வேலை. பை தூக்க அவரவர் ஆளை அவரவரே கூட்டி வர வேண்டும்.

"நீ வாடா," என்றான் நண்பன். "பந்தைத் தொடக் கூடாது. அடிக்கிறப்போ பேசக் கூடாது. அது ரெண்டும்தான்."

முதலாவது சுலபம் என்றேன். என் மனைவி உள்ளேயிருந்து, "ரெண்டாவது நடக்காதுங்க, வேற ஆளப் பாருங்க," என்றாள்.

மறுநாள் விடியற்காலை பஸ். பெருமுக்கல் மலை தாண்டும்போது வெளிச்சம் வந்தது. நான் பேசிக்கொண்டே வந்தேன், அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்து விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தான். திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ், பிறகு ஆலை ஜீப்.

காலனி மைதானத்தில் புல்லே இல்லை. குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் கலந்து, இழுத்துச் சமன்படுத்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பாத்திக்குள் நாங்கள் செருப்போடு இறங்க மாட்டோம். முதலாளி சிரித்தார். சேலத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

அன்று ஒரு பாடம் நடந்தது. நண்பனுடைய பந்து ஒரு கோரைப்புல் கொத்துக்குப் பக்கத்தில் நின்றது. புல் இடைஞ்சலாக இருக்கிறதே என்று நான் காலை வைத்து அமுக்கப் போனேன். அவன் என் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் பை கீழே விழுந்தது. பந்து எப்படிக் கிடக்கிறதோ அப்படியேதான் அடிக்க வேண்டுமாம். ஒரு புல்லை மிதிக்கக் கூடாது, மண்ணை அமுக்கக் கூடாது. பை தூக்குகிறவன் செய்தாலும் ஆடுகிறவன் கணக்கில் இரண்டு அடி கூடிவிடும். "யாரும் பாக்கலைன்னாலும் கூடும்," என்றான். பார்க்காதபோது யார் கூட்டுவார்கள் என்று கேட்டேன். நாமேதான் என்றான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பொழுது சாயும்போது இரண்டு பேரும் சரிக்குச் சரி. ஒரு அடி முன்னே பின்னே இல்லை.

மறுநாள் எங்கள் ஊர்க் கடலோரம். ஒன்பது குழியையும் இரண்டு சுற்று ஆட வேண்டும். காற்று கிளம்பிவிட்டது. தெற்கேயிருந்து மணலை வாரி அடிக்கிறது. நண்பன் ஒரு அடி முன்னால் இழுக்கிறான், சேலத்துக்காரர் எட்டிப் பிடிக்கிறார். அந்த மனிதர் இழுக்கிறார், இவன் பிடிக்கிறான். எனக்கு வாய் பேசாததால் உடம்பெல்லாம் பேசிற்று. கையைப் பிசைந்தேன், சட்டைப் பித்தானைத் திருகினேன். தூரத்தில் எங்கள் பாத்திகள் வெயிலில் மின்னின. அங்கே உப்பு பூத்ததா இல்லையா என்று ஒரு பக்கம் மனசு ஓடிற்று.

இரண்டாவது சுற்றில் ஏழாவது குழி. இன்னமும் சமம். அந்த இடத்தில் ஒரு பக்கம் சவுக்கு, மறுபக்கம் கழிமுகத்துத் தண்ணீர் ஏறி இறங்குகிற களர் நிலம். சேலத்துக்காரர் அடித்தது சவுக்குக்குள் போய்விட்டது. நண்பன் அடித்ததைக் காற்று தள்ளிக்கொண்டு போய்க் களர் நிலத்தில் போட்டது. ஒருவர் பந்து காணாமல் போனால் எல்லோரும் தேட வேண்டும், அது அந்த ஆட்டத்து மரியாதை. சேலத்துக்காரரோடும் அவருக்குப் பை தூக்கிய ஆளோடும் நண்பனும் முதலாளியும் சவுக்குக்குள் போனார்கள். போகும்போது நண்பன் என்னிடம், பந்துக்குப் பக்கத்தில் போய் நில், காக்காய் தூக்கிவிடும் என்றான்.

போய் நின்றேன். பந்து நசநசவென்ற களிமண்ணில் உட்கார்ந்திருந்தது. அதன் பின்பக்கம் மேடும் பள்ளமுமாகக் கட்டி. இதில் எப்படி அடிப்பான் என்று தெரியவில்லை. சவுக்குக்குள் அவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். நான் கடலைப் பார்த்தேன், எங்கள் பாத்தியைப் பார்த்தேன், அங்கே யாரோ வரப்பில் குனிவது தெரிந்தது, மடை ஒழுகுகிறதோ என்று யோசித்தேன்.

குனிந்து கீழே பார்த்தபோது எனக்குத் திக்கென்றது.

பந்துக்குப் பின்னால் ஒரு முழத்துக்குத் தரை வழவழவென்று இருந்தது. கட்டியும் இல்லை, பள்ளமும் இல்லை. என் குதிகால் தடம் ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசையாக, பாத்தியில் விழுகிற மாதிரியே விழுந்திருந்தது. எப்போது மிதிக்க ஆரம்பித்தேன், எவ்வளவு நேரம் மிதித்தேன், சத்தியமாகத் தெரியாது. இரண்டு மாதம் மிதித்த கால், களிமண்ணைக் கண்டதும் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

நிமிர்வதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சேலத்துக்காரருக்குப் பந்து கிடைத்துவிட்டது, ஆனால் சவுக்கை விட்டு வெளியே அடித்துக் கொண்டுவரவே ஒரு அடி வீணாகியிருந்தது. நண்பன் மட்டையைக் கேட்டான். கொடுத்தேன். வாயைத் திறந்தேன். அவன் விரலை உதட்டில் வைத்தான். அடிக்கும் நேரம், பேசக் கூடாது அல்லவா. நான் மூடிக்கொண்டேன். வாழ்நாளில் யார் சொல்லியும் மூடாத வாய்.

அவன் அடித்தான். பந்து காற்றுக்கு அடியில் தாழ்வாகப் போய்க் குழிக்கு இரண்டு கஜத்தில் நின்றது. முதலாளி கைதட்டிவிட்டார். அந்தக் குழி முடிந்தபோது நண்பன் ஒரு அடி முன்னால்.

எட்டாவது குழிக்கு நடந்தோம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அவனோ என்றும் இல்லாத விதமாகப் பேச ஆரம்பித்தான். அங்கிருந்து மாதா கோயில் கோபுரம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இங்கிருந்தே நடந்து போகலாம் என்றான். தோப்போரம் முதலாளி கட்டியிருந்த ஓட்டு வீட்டைக் காட்டி, முன்பக்கம் ஒரு கொக்கி அடித்தால் குழந்தைக்கு ஊஞ்சல் கட்டலாம் என்றான். கொஞ்ச நாள் போனால் குழந்தை தன்னைப் பார்த்து அழாது என்றான். நான் உம் கொட்டிக்கொண்டே நடந்தேன். இந்தப் பேச்சு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு அடியிலும் நினைத்தேன். முடியவே இல்லை. எட்டாவது குழியில் இரண்டு பேரும் சமமாக முடித்தார்கள். பாக்கி ஒரே ஒரு குழி. நண்பன் அந்த ஒரு அடி முன்னாலேயே நின்றான்.

ஒன்பதாவதுக்குப் போகும் வழியில் என் தோளில் கை போட்டான்.

"சேத்துல மாட்டிச்சு, செத்தேன்னு நெனச்சேன்டா. போய்ப் பாத்தா தரை பாத்தி கணக்கா கெட்டியா இருக்குது. நம்ம மண்ணு நம்மளக் கைவுடல பாரு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "மண்ணு இல்லடா. நான் மிதிச்சுட்டேன்," என்றேன்.

அவன் கையை என் தோளிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே நின்றான். எவ்வளவு என்று கேட்டான். ஒரு முழம் என்றேன். தெரிந்து செய்தாயா என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். துண்டை எடுத்து மட்டையின் பிடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். பிறகு நேராக முதலாளியிடம் போனான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். உப்பளத்து வழக்கத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமக்குள்தானே, இதைப் பெரிதுபடுத்த வேண்டாம், ஆட்டத்தைத் தொடருங்கள் என்றார். சேலத்துக்காரர் மட்டையை மணலில் ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

"இல்லீங்க ஐயா," என்றான் நண்பன். "ரெண்டு அடி போட்டுக்கறேன்."

ஒரு அடி முன்னால் இருந்தவன் ஒரு அடி பின்னால் போனான். ஒன்பதாவது குழியில் இரண்டு பேரும் நாலு நாலு அடியில் முடித்தார்கள். முதலாளி இருவர் முதுகிலும் தட்டிக்கொடுத்தார். நண்பனைப் பார்த்து, உன்னைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை என்றார். சொன்ன வார்த்தைப்படி வேலையைச் சேலத்துக்காரருக்குக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நண்பன் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனான். நான் கூட வரவா என்றேன், வேண்டாம் என்றான். நான் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து, டீக்கடை பெஞ்சில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். சேலத்துக்காரரும் அங்கே வந்தார். ஊருக்குப் போய்க் குடும்பத்தைக் கூட்டி வர வேண்டுமாம். எனக்கும் சேர்த்து டீ சொன்னார். டீ வந்தது.

"தம்பி, நீங்க மிதிச்சதை நான் பாத்தேன்," என்றார்.

நான் தம்ளரை பெஞ்சில் வைத்தேன். சவுக்கு மரங்களுக்கு நடுவில் பந்தைத் தேடிக்கொண்டே தற்செயலாகத் திரும்பினாராம். நான் கடல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தேனாம். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்பது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்ததாம். அதனால் சொல்லாமல் விட்டுவிட்டாராம்.

பிறகு தன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முதலாளி போகட்டும் விடுன்னு சொன்னப்ப நானும் ஆமான்னு சொல்லியிருக்கோணும். வாயி வரல தம்பி. எனக்கும் வூட்ல நாலு வாய் இருக்குதுங்க."

அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அந்த மனிதரைக் கெட்டவர் என்று நினைக்க அன்றைக்கும் எனக்கு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நண்பன் வந்தான். பின்னால் அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது, ஆனால் என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா," என்றுதான் கேட்டாள்.

மெட்ராஸ் பஸ் வருவதற்குள் எப்படியாவது மனசைக் கொட்டிவிட வேண்டும் என்று எனக்கு. பை தூக்குகிற வேலைக்கு நான் லாயக்கில்லை என்றேன். வேறு யாரையாவது அழைத்துப் போயிருக்கலாம் என்றேன். கடைசியாக, நீ அடிப்பதற்கு முன்னாலேயே நான் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும் என்றேன்.

அவன் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான்.

"முன்னாடி சொல்லியிருந்தாலும் அதே ரெண்டு அடிதான்டா," என்றான். பஸ் திருப்பத்தில் தெரிந்தது. குழந்தையின் கன்னத்தைத் தொட்டான், அது அழத் தயாரானது. கையை எடுத்துக்கொண்டான். "ஆனா ஜெயிச்சுட்டேன்னு நெனச்சிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. டிக்கெட் விலை சொல்கிற மாதிரி சொன்னான். சொல்லிவிட்டு ஏறிவிட்டான்.

அதன் பிறகு இரண்டு வருஷத்தில் மனைவியையும் குழந்தையையும் மெட்ராசுக்கே அழைத்துக்கொண்டான். இன்றுவரை நாங்கள் நண்பர்கள்தான். என் பிள்ளைகள் கல்யாணத்துக்கெல்லாம் முதல் ஆளாக வந்து பந்தியில் நின்றவன் அவன். அந்த ஏழாவது குழியைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. உண்மையைச் சொன்னதற்காக என்னைப் பாராட்டியவர்கள் உண்டு. பஸ் ஏறும் முன் அவன் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

கால் செய்த பிழையை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், அது பழகிய வேலையைச் செய்தது. வாய் செய்த பிழைதான் ஆறவில்லை. ஒரு கெட்ட செய்தியை வாயில் வைத்துக்கொண்டு யாராவது என் எதிரில் தயங்கினால், இப்போதும் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்துவிடுகிறேன். நான் பொய் சொல்லவில்லைதான், இரண்டு குழி தூரம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். அந்த இரண்டு குழி தூரத்துக்குள் ஒரு மனிதன் வீடு திரும்பி, கொக்கி அடித்து, ஊஞ்சலும் கட்டி முடித்திருந்தான்.